சர்வர் நிர்வாகிகளுக்கு: அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். புதிய சர்வர் வந்ததும் ஓட்டுகிறோமே, அந்த நிறுவல் ஸ்கிரிப்டில் பல இடங்களில் ஒரு வரி குடியிருக்கிறது. வரும் நெட்வொர்க் பாக்கெட்டுகளை எந்தெந்தக் கோர்கள் (செயலியின் கணிப்பு அலகுகள்) கையாளலாம் என்று சொல்லும் 'ஆர்.பி.எஸ். சிபியூஸ்' கோப்பில் எஃப் எழுத்தை வரிசையாக நிரப்பும் வரி. ஒரு எஃப் நான்கு கோர்களைக் குறிக்கும்; 64 கோர் என்றால் 16 எஃப், அதாவது எல்லாக் கோர்களும். யார் எழுதியது, எந்த மெஷினுக்காக எழுதியது என்று கேட்டால் பதில் வராது.

ஆர்.பி.எஸ். (ரிசீவ் பாக்கெட் ஸ்டியரிங்) என்ற, வரும் பாக்கெட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் வசதி 2010இல், லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.35 பதிப்பில் வந்தது. ஒரே வரவு வரிசை கொண்ட நெட்வொர்க் கார்டில், வரும் பாக்கெட் எல்லாம் ஒரே கோரின் தலையில் விழும். மற்றவை சும்மா கிடக்கும். அதற்காக, முகவரி, போர்ட் எண்களை ஹாஷ் செய்து (ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணாக்கி) ஒரு கோரைத் தேர்ந்து, அதன் வரிசையில் பாக்கெட்டைப் போட்டு, ஒரு குறுக்கீடு அனுப்பி எழுப்புகிறது கர்னல். ஒரு கோர் இன்னொரு கோருக்கு அனுப்பும் இதுதான் ஐ.பி.ஐ.

இது இலவசம் அல்ல. பெறும் கோர் கைவேலையை நிறுத்த வேண்டும். பாக்கெட்டின் தலைப்பு ஒரு கோரின் கேஷிலிருந்து (வேக நினைவகம்) இன்னொன்றின் கேஷுக்குப் போக வேண்டும்; வேறு செயலிச் சாக்கெட்டுக்குத் தாண்டினால் செலவு இன்னும் கூடும். ஒரு சுற்றில் எடுத்த பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து, கோருக்கு ஒன்றாக ஐ.பி.ஐ. அனுப்புவதால் சேதம் குறைகிறது. அது கர்னல் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம். நம் ஸ்கிரிப்டுக்கு அதில் பங்கில்லை.

இன்றைய சர்வர் கார்டுகளில் வரிசைகள் பல. கார்டே ஹாஷ் செய்து, வரிசைக்கு ஒரு கோர் என்று பிரித்துக் கொடுக்கிறது. அதன்மேல் 16 எஃப் போடுவது, வீடு வீடாகக் கொடுத்த தபாலைத் திரும்ப வாங்கி மறுபடி பட்டுவாடா செய்வதற்குச் சமம். ஒவ்வொரு கோருக்கும் ஒரு வரிசை இருந்தால் ஆர்.பி.எஸ். பெரும்பாலும் தேவையற்றது என்று கர்னல் ஆவணமே சொல்கிறது.

நம்பாவிட்டால் பாருங்கள். 'சாஃப்ட்நெட் ஸ்டாட்' கோப்பில் வரிக்கு ஒரு கோர். பத்தாவது நெடுவரிசை, ஆர்.பி.எஸ். காரணமாக அந்தக் கோர் எத்தனை முறை எழுப்பப்பட்டது என்ற கணக்கு. பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், அவசரத்தில் தவறாகப் படித்துவிடாதீர்கள். கார்டில் எத்தனை வரிசை என்பதை 'ஈத்டூல்' கட்டளை சொல்லும்.

ஒற்றை வரிசை மட்டும் கிடைக்கும் மெய்நிகர் மெஷின்களில் ஆர்.பி.எஸ். இன்னும் உதவும். அங்கேயும் எல்லாக் கோர்களையும் சேர்க்காமல், குறுக்கீடு வாங்கும் கோரின் நினைவகப் பகுதியைச் சேர்ந்தவற்றை மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டில் அந்த வரியை வைத்திருப்பதாக முடிவு செய்தால், அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தக் கார்டு, எத்தனை வரிசை, எப்போது அளந்தது.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு நிர்வாகி