அவசரச் செய்தியும் ஆடித் தள்ளுபடியும் ஒரே குவியலில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், 34 வருடம் கடிதம் பிரித்துப் போட்டவன் நான். ஓய்வுபெற்றபின் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உத்தமர்சீலியில் நானும் மனைவியுமாக இருக்கிறோம். போனில் வந்து குவியும் அறிவிப்புகளால் போன மாதம் எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மனைவிக்குச் சர்க்கரை நோய். வயிற்றில் ஸ்கேன் எடுக்க திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான், அப்புறம் வெறும் தண்ணீர். விடிகாலை பஸ்ஸைப் பிடித்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ வைத்துப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெள்ளிக்கிழமைக்கு மாத்தியாச்சே ஐயா. ஞாயித்துக்கிழமையே மெசேஜ் அனுப்பிட்டோமே" என்றார். ஸ்கேன் மெஷின் ரிப்பேராம்.

திரும்பி மனைவியின் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. உதடு நடுங்கியது. அங்கிருந்த இரும்பு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எதிர்க்கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீயும் பன்னும் வாங்கி வந்தேன். பாதி டீ உள்ளே போன பிறகுதான் முகம் தெளிந்தது. "ஒண்ணுமில்ல, பதறாதீங்க" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து போனைத் துருவினேன். மெசேஜ் இருந்தது. ஞாயிறு மாலை 4.12க்கு வந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அந்த மெசேஜை நிதானமாகப் படித்தேன். முழுக்க ஆங்கிலம். அன்புள்ள வாடிக்கையாளரே, எங்கள் மருத்துவமனையின் வணக்கம் என்று தொடங்கி, முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை இருக்கிறது என்று சொல்லி, கடைசி வரியில்தான் உங்கள் நேரம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது என்று முடிந்தது. போன் திரையில் மேலே எட்டிப் பார்ப்பது முதல் ஒன்றிரண்டு வரிதானே? அதில் தெரிந்தது வணக்கமும் சலுகையும் மட்டும்.

அதோடு அன்றைக்கு என் போனில் வந்து குவிந்திருந்தவை: துணிக்கடை ஆடித் தள்ளுபடி, மளிகை ஆப்பின் கூப்பன், கேட்காத கடனுக்கு ஒப்புதல், ஏழெட்டு பிரேக்கிங் நியூஸ், பேரன் விடுமுறைக்கு வந்தபோது ஏற்றிவிட்டுப் போன விளையாட்டு, சொந்தக்காரர்கள் குரூப்பில் காலை வணக்கப் படங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது திரையை மேலிருந்து இழுத்து, ஒரே தட்டில் அத்தனையையும் அழித்துவிட்டுப் படுப்பது என் வழக்கம். அன்றும் அப்படித்தான் செய்தேன். அழிவது மேலே தெரியும் அறிவிப்பு மட்டும், மெசேஜ் உள்ளே அப்படியே கிடக்கும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் காலத்தில் பதிவுத் தபாலைச் சாதாரணத் தபாலோடு கலந்ததே இல்லை. அதற்குத் தனிப் பட்டியல், தனிப் பை. கைமாறும்போது ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு பதிவுத் தபால் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த ஷிப்டில் யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனதில்லை. கல்யாணப் பத்திரிகைக் கட்டு மூட்டை மூட்டையாக வரும் தை மாதத்திலும் அந்தப் பிரிவினை தவறியதில்லை. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எங்களுடையது, வாங்குகிறவருடையது இல்லை. இன்றைக்கு அந்த வேலை முழுவதையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டார்கள். என் வருத்தமே இதுதான்.

பக்கத்து வீட்டில் கல்லூரி படிக்கும் தம்பி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். ஓர் அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அந்த ஆப் எந்தெந்த வகையில் அறிவிப்பு அனுப்புகிறது என்று பார்க்கும் வழி திறக்கிறது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்தே இந்த வசதி இருக்கிறதாம். மளிகை ஆப்பில் 'ஆர்டர் நிலவரம்' தனியாகவும் 'சலுகைகள்' தனியாகவும் இருந்தன. சலுகையை மட்டும் நிறுத்தினோம். இப்போது பொருள் வாசலுக்கு வரும்போது மட்டும்தான் சத்தம் கேட்கிறது. சொந்தக்காரர்கள் குரூப்பை 'எப்போதும்' மியூட்டில் போட்டாயிற்று, நேரம் கிடைக்கும்போது நானே திறந்து பார்க்கிறேன். விளையாட்டை எடுத்தே விட்டோம். அமைப்புகளில் 'அறிவிப்பு வரலாறு' என்று ஒன்று உண்டு. அதை ஒருமுறை நாமே இயக்கிவைத்தால், கைதவறி அழித்த அறிவிப்புகளைக் கடந்த 24 மணி நேரம் வரைக்கும் திரும்பப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் இருக்கிறது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆனால் இன்னோர் ஆப் இருக்கிறது. பணம் கட்டும் ஆப். அதில் ஒரே ஒரு வகைதான். பணம் போனது, வந்தது, கடன் சலுகை, எல்லாம் ஒரே பெயரில். விளம்பரத்தை நிறுத்தினால் கணக்குச் செய்தியும் நிற்கும். தம்பி எவ்வளவோ தேடியும் வழி கிடைக்கவில்லை. இது தெரியாமல் நடந்த பிழை என்று என்னால் நம்ப முடியவில்லை. நமக்குத் தேவையான செய்தியைப் பிணையாக வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் பார்க்க வைக்கிறார்கள்.

எஸ்.எம்.எஸ். விஷயத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் ஒரு நல்ல காரியம் செய்தது. அனுப்புகிறவர் பெயருக்குக் கடைசியில் ஒரு சிறுகோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து சேர்க்க வேண்டும் என்று விதித்தது. 'பி' (P) என்றால் விளம்பரம், 'எஸ்' (S) என்றால் சேவை, 'டி' (T) என்றால் பரிவர்த்தனை, 'ஜி' (G) என்றால் அரசு. நான் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் இப்போது பிரிக்கிறேன். பழைய சார்ட்டிங் கைப்பழக்கம், கண் தானாக அங்கே போகிறது. ஆனால் எழுத்து வேறாக இருந்தாலும் என் போனில் மணி ஒரே மாதிரிதான் அடிக்கிறது. விளம்பரமே வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' (START) என்று எழுதி, இடம் விட்டு சைபர் (0) போட்டு 1909க்கு அனுப்பலாம். அதன் பிறகும் வந்தால் அதே எண்ணில் 7 நாட்களுக்குள் புகார் சொல்லலாம். முன்பு 3 நாள்தான் இருந்தது.

சரி, சத்தமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடலாமே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். அவர் போனை வாங்கிப் பார்த்தால் அவசரகால எச்சரிக்கையும் அணைந்து கிடந்தது. எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊர் இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மதகுகள் அடித்துக்கொண்டு போனதையும், கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் 120 அடியைத் தொட்டபோது கரையோரத்தில் எத்தனை பேர் தூங்காமல் இருந்தோம்! போன் சைலன்டில் இருந்தாலும் சைரன் மாதிரி அலறும் எச்சரிக்கையை 2023இல் நாடு முழுவதும் சோதித்துப் பார்த்தார்கள், பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த அலறலை மட்டும் யாரும் அணைக்க வேண்டாம் என்று கரையோர ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய போனில் அங்கேயே அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தோம்.

மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தேதி மாறினால் அதை முதல் வரியில் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். அந்த மெசேஜில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நோயாளியாக இருந்தால் ஒரு போன் செய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. தாங்களும் வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கட்டத்தில், போனில் அறிவிப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையைப் படத்தோடு போட்டால் என் வயதுக்காரர்கள் வெட்டி வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. வரும்போது அதே கவுன்டர் பெண்ணிடம், மனைவியின் பட்டன் போன் நம்பரையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டு, "அடுத்த தடவை நானே கூப்பிடறேன் ஐயா" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
உத்தமர்சீலி, திருச்சி மாவட்டம்.