லாரிக்கு வருஷம் கிடைத்துவிட்டது: முதுநகரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடலூர் முதுநகரில் ரொம்ப வருஷமாக நிற்கும் நம் பழைய லாரியைப் பழைய இரும்புக்கு வெட்டவில்லை. இனி வெட்டவும் மாட்டார்கள். நேற்று சாயங்காலம் கையெழுத்தாகிவிட்டது. யார் என்ன சொன்னார்கள், எப்படியெல்லாம் இழுத்தடித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள். அதைத் திரும்ப எழுதினால் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும். நேராக நன்றிக்கு வருகிறேன்.

வெட்ட வேண்டாம் என்று மனுக் கொடுத்தபோது “என்ன வண்டி, எந்த வருஷம், எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பேசலாம்” என்றார்கள் அல்லவா, அங்கேதான் நாம் மாட்டிக்கொண்டோம். அந்த வண்டியில் ஏறி விளையாடாத பிள்ளை முதுநகரில் கிடையாது. ‘தானே’ புயலில் பக்கத்து மரம் மேலே சாய்ந்தும் நகராத வண்டி. ஆனால் அது என்ன வண்டி என்று கேட்டால் ஆளுக்கொரு பேர். ஒருவர் ஃபார்கோ என்றார், இன்னொருவர் டாட்ஜ் என்று அடித்துச் சொன்னார். (ஃபார்கோ, டாட்ஜ் எல்லாம் பேர் மட்டும் மாற்றி விற்ற ஒரே லாரிதான். அந்தச் சண்டை வீண்.) மிலிட்டரி டிஸ்போசல், அதாவது ராணுவம் கழித்து விற்ற வண்டி என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. கனடாவில் செய்த போர்க்கால லாரிகளுக்கு மூக்கு சப்பை. நம்முடையதற்கு நீண்ட பானெட். புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் வாங்கியது என்பதால் பிரெஞ்சு வண்டிதான் என்று தனியாக ஒரு கட்சி.

கேபினைப் பார்த்தாவது சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது. அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் சேசிஸும் பானெட்டுமாகத்தான் கைக்கு வரும். கேபினை நம்மூர் ஆசாரிகள் மரத்தில் கட்டுவார்கள். கதவும் கூரையும் ஆசாரியின் கைவண்ணத்தைத்தான் சொல்லும். முன்பக்கத்தில் குறுக்காக ஐந்து பட்டை இருப்பதைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர்கள் செவர்லே என்று முடிவு கட்டினார்கள். அந்த ஐந்து பட்டை முகம் 1947-இல் வந்தது, 1953 வரை இருந்தது, 1954-இல் மாற்றிவிட்டார்கள். சரி, நடுவில் எந்த வருஷம்? டாஷ்போர்டு தகட்டை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சேசிஸ் எண் இருந்த இடத்தை உப்பனாற்றுக் காற்று தின்றுவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினால் “தெளிவாக இல்லை” என்று பதில் வரும்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். பேரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டதால் எழுதவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்து ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார், சேசிஸ் நம்பர் டிரேஸ் எடுத்துக் கொடுப்பார்; கடலூரில் வண்டி வாங்கி விற்றவர்கள் பலர் அவர் கையைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. டீக்கடைப் பேச்சில் கேள்விப்பட்டு, அன்றைக்குக் கடையை மூடிவிட்டு, டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பாட்டிலில் மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட், உப்புத்தாள், செல்லோடேப், பென்சில்.

சேசிஸைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணும் மிச்சமில்ல தம்பி. அடிச்ச நம்பர் பள்ளம், துரு நிரப்பிடும். இன்ஜின்ல வார்ப்போட வந்த எழுத்து மேடா இருக்கும், அதைத் தேடுவோம்” என்றார். பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தோம். அந்த வயதில் ஃபெண்டர் மேல் குப்புறப் படுத்து, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கெட்டிப்பட்டிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். சுரண்டவே இல்லை. நான் ஸ்க்ரூ டிரைவரை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டார். பிறகு மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து ஒரே பக்கமாகத் தேய்த்தார். நாங்கள் கிரீஸ் என்றே நினைத்திருந்த இடத்தில் வெள்ளையும் கறுப்புமாக எழுந்து வந்தது: பி 17 8.

“கேமராவுக்கு எல்லாம் ஒரே கறுப்புதான் தம்பி. பென்சிலுக்குத்தான் மேடு பள்ளம் தெரியும்.” அவ்வளவுதான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது.

நெய்வேலியில் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் போனிலேயே அதை அவிழ்த்தார். செவர்லே பிளாக்கில் முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி. அடுத்தது தேதி. கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும். ஆக, எட்டில் முடிகிற ஏதோ ஒரு வருஷத்தின் பிப்ரவரி 17. 1938-ஆ, 48-ஆ, 58-ஆ என்று இன்ஜின் சொல்லாது. முகத்தில் இருக்கும் ஐந்து பட்டை சொல்லும். 1948. “இன்ஜின் பிற்பாடு மாற்றியதாக இருந்தால்?” என்று அண்ணனே கேட்டார். நியாயமான கேள்வி. எத்தனையோ பெட்ரோல் லாரிகளுக்கு நம்மூரில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அதற்கும் பெரியவரின் பென்சில்தான் பதில் கொடுத்தது. பானெட்டின் பக்கத்தில் பெயிண்டுக்கு அடியில் பாதி உடைந்த ஒரு பேர்ப் பட்டை. தேய்த்ததும் ‘லோட்’ என்ற நான்கு ஆங்கில எழுத்து. லோட்மாஸ்டர். செவர்லே தன் பெரிய லாரிகளுக்கு அந்தப் பேரைப் போட்டது ஐந்து பட்டை முகத்தின் ஆரம்ப வருஷங்களில். 1949-இல் அந்த இடத்துக்கு எண் வந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போனது.

செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் பாகங்களைச் சேர்த்து வண்டி கட்டிக்கொண்டிருந்தது, 1954-இல் மூடியது. அதே 1954 நவம்பரில்தான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமிருந்து நம் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய சில வருஷங்களில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு ஏற்றிப் போவது வெளிநாடு போகிற மாதிரி, சுங்கச் சாவடியில் நிற்க வேண்டும். நம் லாரியும் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு வரிசையில் நின்றிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்படி நின்றதற்கு ஆதாரம் இல்லை, ஆசைதான்.

பெரியவருக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அன்றைய வரும்படி முழுக்கப் போயிருக்கும். டிரேஸில் இன்னொரு பிரதி மட்டும் எடுத்து, தேதி போட்டு, தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார். “எவ்வளவோ எடுத்திருக்கேன், இது மாதிரி ஒண்ணு இல்ல.”

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி காவலுக்குப் படுத்த பையன்கள், பம்பு செட்டிலிருந்து தண்ணீர் கொடுத்த அக்கா, மனுவைத் தட்டச்சு செய்த தங்கை, கேஸ் கட்டர் கேட்டு வந்தபோது “சிலிண்டர் காலி” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பழைய இரும்புக் கடை பாய் (சிலிண்டர் நிறைந்திருந்தது எனக்குத் தெரியும்), ஃபார்கோ கட்சி, டாட்ஜ் கட்சி, எல்லோருக்கும் கும்பிடு.

ஐப்பசி மழைக்கு முன் வண்டிக்குத் தகரக் கொட்டகை போட்டுவிடுவேன், இது என் பொறுப்பு. வண்டி ஓடுமா என்று கேட்காதீர்கள், ஓட்டுவதாக யாரும் சொல்லவில்லை. இன்னொன்று: யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய வண்டி நின்றால் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயும் பென்சிலும் இப்போது என் பையிலும் இருக்கிறது.