உறுதிமொழித் தாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைக்கு பில் போடுவது, டாக்டர் சொன்ன குறிப்பைத் தட்டச்சு செய்வது, ஸ்கேன் பார்த்து அறிக்கை எழுதுவது எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே நடக்கின்றன. நானும் வீட்டிலிருந்து மெடிக்கல் கோடிங் செய்கிறேன், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. ரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மொத்தப் பொறுப்பையும் ஊழியர் தலையில் கட்டிவிடும் நிர்வாகங்கள் பல. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, கருக்கலைப்பு, மனநல மாத்திரை என்று எல்லாமே ஒரு கோப்பில் இருக்கும். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், நோய் வரலாற்றை என்ன செய்வது? பின்லாந்தில் வாஸ்தாமோ மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர்கள், பணம் தராவிட்டால் வெளியிட்டுவிடுவோம் என்று 2020இல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி மிரட்டினார்கள்.

அமெரிக்காவில் மருத்துவ பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2024 பிப்ரவரியில் புகுந்தவர்கள் வந்த வழியே, வெளியிலிருந்து வேலை செய்வதற்கான இணைய நுழைவு வாசல்தான். கையில் இருந்தது திருட்டு பாஸ்வேர்டு. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அந்த வாசலில் இல்லை. சுமார் 19 கோடி பேரின் விவரங்கள் போயின. எந்த ஊழியரின் கையெழுத்து இதைத் தடுத்திருக்கும்?

சொந்த லேப்டாப்பிலேயே வேலை செய்யச் சொல்கிறார்கள். அதே லேப்டாப்பில்தான் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும். சிஸ்டம் மெதுவாக இருந்தால் அவசரத்துக்குத் திரையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அந்தப் படம் கேலரியில் தங்கி, அங்கிருந்து கிளவுடுக்கும் போய்விடுகிறது.

இன்னொன்று என்னை மிகவும் உறுத்துகிறது. நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று பார்க்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிக்கும் மென்பொருளைப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் திரையில் இருப்பது நோயாளியின் கோப்பு. அது எந்த சர்வரில் சேர்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நோயாளியிடம் யாராவது இதற்குச் சம்மதம் கேட்டார்களா?

என்க்ரிப்ட் செய்த, அதாவது திருடுபோனாலும் உள்ளே இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய லேப்டாப்பை நிறுவனமே தரட்டும். இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அவரவர் வேலைக்கு வேண்டிய பக்கம் மட்டும் திறக்கட்டும். வேலையை விட்டவரின் அனுமதியை அன்றைக்கே ரத்து செய்யட்டும். ஃபோனில் நோயாளியின் பெயரைச் சத்தமாகச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது எங்கள் கடமை, சரி, அதை நாங்கள் செய்கிறோம்.

அப்புறம், லேப்டாப் தொலைந்துவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலர் இரண்டு நாள் மூடி மறைக்கிறார்கள். உடனே சொன்னால் அந்தக் கணக்கை அப்போதே முடக்கிவிடலாம், லேப்டாப்பில் இருப்பதைத் தூரத்திலிருந்தே அழிக்கவும் முடியும். உடனே சொல்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று நிர்வாகங்கள் எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கோடிங் ஊழியர்