தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகளைத் துடைப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பரவும் தொற்று பற்றிய பேச்சு பெரும்பாலும் கை கழுவுவதோடு நின்றுவிடுகிறது. கட்டிலின் பக்கக் கம்பி, மானிட்டரின் பொத்தான், மருந்து செலுத்தும் பம்ப் ஆகியவற்றை யார், எப்போது துடைக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை.

கடந்த ஆண்டு என் தாயார் ஒரு மருத்துவமனையில் இப்பிரிவில் இருந்த ஆறு நாட்களும் தரையை மூன்று வேளை துடைத்தார்கள். பினாயில் வாடை வராந்தா வரை வீசியது. ஆனால் பம்பின் ஓரத்தில் பிளாஸ்திரியைப் பிய்த்த இடத்துப் பசையில் படிந்திருந்த கறுப்பு அழுக்கு, கடைசி நாள் வரை அப்படியே இருந்தது.

அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள அரசு ஆராய்ச்சி மருத்துவமனையில் 2011இல் மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா 18 நோயாளிகளுக்குப் பரவி, 6 பேர் அத்தொற்றால் இறந்தபோது, சுத்தம் செய்து முடித்த ஒரு செயற்கை சுவாசக் கருவியிலும் அக்கிருமி கண்டறியப்பட்டது. வசதி மிகுந்த இடத்திலேயே அந்த நிலை.

கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்தெடுப்பதிலும் பயனில்லை. குறிப்பிட்ட நிமிடங்கள் பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். இதற்கு ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரைக் குறைசொல்வது நியாயமல்ல. நான் பார்த்த வரையில், மின்கருவிகளைத் தொட அவருக்கு அனுமதியில்லை, செவிலியருக்கோ நேரமில்லை. எந்தக் கருவியைத் துடைப்பது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வரையறுத்து, அதற்கான பதிவேட்டைக் கட்டிலருகிலேயே வைக்க மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருச்சி