வாசலில் உட்கார்ந்தது நாங்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடன் செயலிக்காரர்கள் ஒரு பெண்ணின் படத்தை அசிங்கமாக வெட்டி ஒட்டி, அவள் உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிய செய்தியைப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் ‘ச்சீ’ என்றார்கள். நானும் சொன்னேன். ராத்திரி படுத்த பிறகுதான், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். ஆறு வருடம் மகளிர் குழுக் கடனில் சென்டர் லீடராக இருந்தேன். குழுவுக்கு ஐந்து பேர், மொத்தம் மூன்று குழு என் பொறுப்பில். செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் வசூல். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அவளைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து வசூலுக்கு வரும் தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நோட்டை மூடாமல் உட்கார்ந்துகொண்டு, “நீங்களே பேசி முடிங்கக்கா, நான் வெயிட் பண்றேன்” என்பார். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் குழுவில் ஒருத்தி தொடர்ந்து இரண்டு தவணை கட்டவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் காலை உடைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போனோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்பது பேர் அவள் வாசலில் போய் உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அவள் மாமியார் காதில் விழும்படி ஒருத்தி, “தலையில பூ வைக்க மட்டும் காசு இருக்கு” என்றாள். அதைத் தடுக்காதது மட்டுமில்லை, எனக்கு அது சரியான பேச்சாகவே பட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் அவள் உள்ளே போய், மகளின் வெள்ளிக் கொலுசைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தது.

ஊர்ப் பேச்சு புதிதில்லை. என் அம்மா சீட்டுப் பிடித்த காலத்தில் அதுதான் ஜாமீன். இருபது பேர் மாதச் சீட்டுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. புதிதாக ஒருத்தி சேர வந்தால் குழாயடியில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே வாய், “அவ வீட்ல கருமாதி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்றும் சொல்லும். கட்ட முடியாதவளுக்கும் கட்ட மனமில்லாதவளுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரிந்திருந்தது. ரொம்பப் புகழவும் மாட்டேன். போனில் பேசினாள் என்பதற்காக ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த வைத்ததும் இதே குழாயடிதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இப்போது அந்த வாயைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. “அடுத்த மாசம்” என்று சொல்லும் உரிமையை மட்டும் எங்களிடம் விட்டுவைக்கவில்லை.

இந்தக் குழுக் கடன் வங்கதேசத்தில் கிராமின் வங்கி தொடங்கிய முறை, அதற்காக 2006-ல் அந்த வங்கியை உருவாக்கிய யூனுஸுக்கு நோபல் கொடுத்தார்கள் என்று பி.காம். படிக்கும் என் மகள் சொன்னாள். ஆந்திராவில் 2010-ல் கடன் வாங்கிய பெண்கள் தற்கொலை செய்துகொண்டு, அவசரச் சட்டம் வரை போனதையும் அவளே சொன்னாள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளைச் செல்போனில் படித்தும் காட்டினாள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக் கூடாது. சொந்தக்காரர்களை, கூட வேலை செய்கிறவர்களைத் தொல்லை செய்யக் கூடாது. குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்கு வசூலிப்பவர் போகலாம். ஆக, அந்தத் தம்பியே போயிருக்கலாம், விதி இடம் கொடுக்கிறது. அவர் போகவில்லை, எங்களை அனுப்பினார். பெயரை எந்தப் பலகையிலும் எழுதவில்லை, நாங்கள் இருக்கும்போது பலகை எதற்கு?

2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. நல்லது. அதில் கம்பெனி மாட்டும், அதன் ஆள் மாட்டுவார். அந்த வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நான் எதில் வருவேன்? கடன் அட்டையில் தவணைக்கு இடம் இருக்கிறது, வட்டிக்கு இடம் இருக்கிறது. ‘கட்டாதவர் வீட்டுக்குக் குழுவினரை அனுப்ப மாட்டோம்’ என்று ஒரு வரியும் அச்சடிக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

லீடர் வேலையை விட்டுவிட்டேன். போன ஜூனில் அந்தப் பெண் பதினோராம் வகுப்பு யூனிஃபார்ம் தைக்க வந்தது. அளவெடுக்க டேப்பை எடுத்தேன். அதற்குள் நானூறு ரூபாயை எண்ணி மெஷின் மேல் வைத்தது.

“தைச்சு முடிச்சப்புறம் குடும்மா.”

“வேண்டாம் அத்தை, முதல்லயே வாங்கிக்குங்க.”

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்
மன்னார்குடி வட்டம்

(பெயரைப் போட வேண்டாம். போட்டால் அவள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.)