செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் குடும்ப நலச் சங்கம் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானபோது எழுதிய துணைவிதிகளில் நோக்கங்கள் மூன்றே: வசதியில்லாத வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் சீருடையும் வாங்கித் தருவது, சாவு விழுந்த வீட்டில் அன்றைய செலவை ஏற்றுக்கொள்வது. இந்த ஆண்டு நம் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இவற்றில் எதையும் கேட்டு வரவில்லை. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டு வந்தார்கள். இந்த மாற்றத்தை நாம் தாமதமாகத்தான் கவனித்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்து நம் ஊர்கள் கேரளத்தில் சேர்ந்த பிறகும், நம் பக்கத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பழைய வழியிலேயே நடக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும் மருமகள்கள் வருகிறார்கள். நம் பெண்களும் அங்கே போகிறார்கள். வண்டியேறி அரை மணியில் வந்துவிடும் பெண்ணின் பெயர் மட்டும் ரேஷன் கார்டில் அவ்வளவு சுலபமாக எல்லை கடப்பதில்லை. பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கி, அதைக் கொண்டுவந்து இங்கே சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் குழந்தையின் பெயர், வருமானச் சான்று, முன்னுரிமைப் பிரிவுக்கான பிங்க் கார்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நகரும். பெயரை எடுத்தால் தன் வீட்டு அரிசி குறையும் என்று அப்பா தள்ளிப்போட, இருந்தால் இருக்கட்டுமே என்று மாமனார் விட்டுவிட, நம்மிடம் வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு இரண்டு ஆண்டுகள் இந்த இழுபறியில் நின்றிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது பணமன்று. இரு வீட்டாரிடமும் பேசவும், இரு பக்க அலுவலகங்களுக்கும் கூடவே வரவும் ஓர் ஆள்.

மொழியும் இதில் ஒரு தடையாக நிற்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் சொல்கிறது. உரிமை இருந்தாலும், நம்மவர் கைக்கு வரும் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த நம் பெரியவர்கள் மலையாளம் தடையில்லாமல் பேசுவார்கள். எழுத்தைக் கண்டால் தயங்குவார்கள். தமிழில் எழுதிய மனுவைக் கொடுத்த உறுப்பினர் ஒருவரை ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அந்தச் சட்டத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் இப்படிச் சட்ட நகல் சுமக்க முடியாது என்பதால், மலையாளம் எழுதத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை உதவிக்கு அழைத்தோம். இரண்டாம் சனிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. ஆகவே அன்று நம் இடத்தில் உட்கார்ந்து எழுதுவது, திங்களன்று நேரில் கொண்டுபோவது என்று ஏற்பாடு. அரசின் இணையவழிச் சேவைகளைத் தரும் அட்சய மையத்துக்கோ வில்லேஜ் ஆபீசுக்கோ கூடப் போவதற்கு இரண்டு பெண் உறுப்பினர்களுக்குப் பஸ் செலவும் அன்றைய சாப்பாட்டுச் செலவும் தருகிறோம். அப்போது மாதம் 1,600 ரூபாயாக இருந்த அரசின் நல ஓய்வூதியம் நின்றுபோனதாக வந்த முதியவர்களில் பலருக்கு, கைரேகைப் பதிவு முடியாததுதான் காரணமாக இருந்தது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களை அந்தக் கருவி எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.

அடுத்தது வயதானவர்களைப் பற்றியது. கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் வேலை குறைந்ததால் பிள்ளைகள் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். வாரம் ஒருமுறை வந்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் போனார்கள். 2020இல் ஊரடங்கு வந்து வாளையாறு சோதனைச்சாவடியில் பாஸ் கேட்டபோது, பக்கத்து ஊரும் வெகுதூரம் ஆகலாம் என்பது தெரிந்தது. அந்த ஆண்டு வீடு வீடாக மருந்து கொண்டுபோனபோதுதான், கிடப்பு நோயாளிகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பதையே நாம் கண்ணால் பார்த்தோம்.

கேரளத்தில் 2008இலேயே பாலியேட்டிவ் பராமரிப்புக்கென, அதாவது தீராத நோயில் வலியும் வேதனையும் தணிக்கும் பராமரிப்புக்கென, அரசுக் கொள்கை வந்தது. பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புக் குழு வருகிறது. நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், குழாய் மாற்றுகிறார். அந்த வேலையை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. நர்ஸ் போன பிறகு மிச்சமிருக்கும் மணி நேரங்கள்தான் நம் பொறுப்பு என்று செயற்குழு முடிவு செய்தது. பராமரிப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உண்டு. ஆனால் அந்த வீட்டை விட்டு அவர் இரண்டு மணி நேரம் வெளியே போக எந்தத் திட்டமும் வழி செய்வதில்லை. அதற்காகவே "அரைநாள் துணை" தொடங்கினோம். பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர் காலையில் போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர் தம் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம். முதல் முறை விடுபட்ட ஒரு மருமகள் நேராகப் பல் மருத்துவரிடம் போனார். எட்டு மாதமாகப் பல்வலியோடு மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கோடையில் வடகரப்பதிப் பக்கம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நாள்களில், கிடப்பு நோயாளி உள்ள வீட்டுக்கு மற்றவர்களைப் போல இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும். அத்தகைய வீடுகளுக்கு மூடியுள்ள டிரம் வாங்கித் தந்தது சிறிய செலவுதான். இந்த ஆண்டு செய்தவற்றில் அதற்கே அதிகம் நன்றி சொன்னார்கள்.

இனி, சென்ற பொதுக்குழுவில் சூடாகப் பேசப்பட்ட கல்யாண உதவி. அதை நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்லிவருவது சரியல்ல. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். நம் உதவிக்கோ 21 நிறைந்திருக்க வேண்டும் என்றும், தொகை ரொக்கமாக அன்றிப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போகும் என்றும் மாற்றினோம். சங்கம் பணம் தருகிறது என்பதே சில வீடுகளில் தேதியை முன்னுக்கு இழுத்தது. பிளஸ் டூ முடித்த கையோடு பந்தல் போட்டார்கள். இந்த மாற்றத்தால் மிச்சமான தொகையைத்தான் உடன் செல்வோர் செலவுக்கும் அரைநாள் துணைக்கும் எடுத்தோம். "மொய் எழுதாத சங்கம் எதுக்குங்க?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் பெயர் பந்தலில் கேட்ட காலம் அது. இப்போது நாம் செய்யும் வேலை எந்த மைக்கிலும் கேட்காது.

ஒரு முயற்சி தோற்றது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, சித்தூர் தாலுக்காவிலோ தென்னந்தோப்புக்குத் தோப்பு கள் இறங்குகிறது. குடியால் உடையும் குடும்பங்கள் இரு பக்கமும் உண்டு. ஞாயிறு மாலைகளில் ஆலோசனைக் கூட்டம் வைத்தோம். கோயில் வாசலுக்கு எதிரே வைத்ததால், யார் உள்ளே போகிறார்கள் என்று ஊரே பார்க்கும் என அஞ்சி ஒருவரும் வரவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த பிழை என்னுடையது. இப்போது போனில் பேசி, விருப்பமுள்ளவர்களைக் கலால் துறையின் விமுக்தி சிகிச்சை மையத்துக்கு அனுப்புகிறோம். மனைவியர்தான் முதலில் அழைக்கிறார்கள்.

பள்ளி உதவி வழக்கம்போல ஜூன் முதல் வாரத்தில் வழங்கப்பட்டது. ஈமச்சடங்கு உதவியில் மாற்றமில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மேலே சொன்ன புதிய வேலைகள் எதுவும் நம் துணைவிதிகளின் நோக்கங்களில் இல்லை. செயற்குழுத் தீர்மானத்தின் பலத்தில் மட்டும் ஓர் ஆண்டு ஓட்டியிருக்கிறோம். இதைத் தொடர்வது முறையன்று. ஆகவே ஆவண உதவியையும் வீட்டுப் பராமரிப்புத் துணையையும் நான்காம், ஐந்தாம் நோக்கங்களாகச் சேர்க்கும் திருத்த வரைவு ஒவ்வோர் இருக்கையிலும் தமிழில் வைக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் படித்து, திருத்தங்கள் இருந்தால் உணவு இடைவேளைக்குள் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய மலையாளப் படியை, ஒப்புதல் கிடைத்த பின் வரும் இரண்டாம் சனிக்கிழமை ஆசிரியர் எழுதித் தருவார்.

இப்படிக்கு,
செயலாளர்