கணினித் தேர்வுக்கு மாறும் முன் பிழையை அளந்துவிடுங்கள்

சென்னை கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்தில் பள்ளித் தேர்வுகளையும் அடைவுத் தேர்வுகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளே, வணக்கம்.

ஒரு கற்பனைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சராசரி 500 என்று வகுக்கப்பட்ட அளவுகோலில் ஒரு கணித அடைவுத் தேர்வு. சென்ற முறை காகிதத்தில் நடந்தது. இந்த முறை கணினியில். சராசரி 7 புள்ளி இறங்கிவிட்டது. அடுத்து நடப்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்: நாளிதழ்களில் தலைப்புச் செய்தி, மாவட்டந்தோறும் ஆய்வுக் கூட்டம், தலைமையாசிரியர்களிடம் விளக்கம் கேட்டுச் சுற்றறிக்கை. பிள்ளைகளின் கணக்கு அறிவு இறங்கியதா, தேர்வெழுதும் முறை மாறியதால் எண் இறங்கியதா என்று அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டாலும் விடை இருக்காது. விடைக்கு வேண்டிய தரவை மாற்றத்துக்கு முன்பே திரட்டியிருக்க வேண்டும்.

ஒரு சராசரி தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்பதற்கான அளவு திட்டப் பிழை. இரண்டு ஆண்டுகளுக்கும் அது 2 புள்ளி என்று கொள்வோம். வித்தியாசத்தின் திட்டப் பிழை, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், சுமார் 2.8. ஏழு புள்ளிச் சரிவு அதைப்போல் இரண்டரை மடங்கு; தற்செயலால் மட்டும் இவ்வளவு வருவது அரிது. எனவே ‘உண்மையான சரிவு’ என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் காகித அளவுகோலையும் கணினி அளவுகோலையும் இணைத்ததில் வரும் பிழை ஒன்று தனியாக இருக்கிறது. அது 4 புள்ளி என்றால், 4, 4, 16 மூன்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 4.9. இப்போது அதே ஏழு புள்ளி, பிழையைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லை. சரிவு என்று சொல்ல ஆதாரம் போதாது. ஒரே ஒரு எண்ணை விட்டுவிட்டதால் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

இந்த இணைப்புப் பிழையைப் பற்றித்தான் இம்மடல். நம் ஊரில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘இலட்சக்கணக்கான மாணவர்கள் எழுதுகிறார்கள், பிழை தானாகக் கரைந்துவிடும்’ என்பது. கரையாது. கோயம்பேட்டில் கடைக்காரர் புதுத் தராசு வாங்கி, அது கிலோவுக்கு 30 கிராம் குறைத்துக் காட்டினால், நூறு மூட்டை வெங்காயம் நிறுத்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும். மாணவர் எண்ணிக்கை பெருகினால் குறைவது மாதிரிப் பிழை, அதாவது எல்லோரையும் சோதிக்காமல் சிலரை மட்டும் சோதிப்பதால் வரும் பிழை. இணைப்புப் பிழை வினாக்களிலிருந்து வருகிறது. கணினிக்குப் போகும்போது ஒரு வினா கடினமாகும், இன்னொன்று எளிதாகும், மற்றொன்று அப்படியே நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை), இரண்டு முறைகளிலும் கேட்கப்படும் பொது வினாக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழையின் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். அதைப் பாதியாக்க 25 பொது வினாக்கள் 100 ஆக வேண்டும். மாணவர்களைக் கூட்டிப் பயனில்லை.

வினா ஏன் மாறுகிறது? வடிவியல் படத்தில் பிள்ளை பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பான். திரையில் அது முடியாது, படத்தைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். நீண்ட உரைப்பகுதியைத் திரையில் மேலும் கீழும் உருட்ட வேண்டும். அதே பகுதி தமிழில் பொதுவாக ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் தமிழ்வழி மாணவர் அதிகம் உருட்டுவார். விரிவான விடையைத் தட்டச்சு செய்யச் சொன்னால் சிக்கல் இன்னும் பெரிது. தமிழ்99 விசைப்பலகை சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அதில் பழகிய பத்தாம் வகுப்பு மாணவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வளாகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள எந்தப் பள்ளியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பிற நாடுகள் இதைக் கடந்து வந்திருக்கின்றன. பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா (PISA) ஆய்வு 2015இல் கணினியைத் தன் முதன்மை முறையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டின் முன்னோட்டத்தில் ஒரே பள்ளி மாணவர்களைச் சமவாய்ப்பு முறையில் காகிதத்துக்கும் கணினிக்கும் பிரித்தார்கள். எந்த வினாக்கள் முறை மாறியும் நிலைத்து நிற்கின்றன என்று பார்த்து, அவற்றைக்கொண்டே பழைய அளவுகோலோடு இணைத்தார்கள். 2012க்கும் 2015க்கும் இடையிலான இணைப்புப் பிழை வாசிப்பில் சுமார் 5 புள்ளி, கணிதத்தில் சுமார் 3.5 என்று அச்சிட்டும் கொடுத்தார்கள். கணிதம், அறிவியலில் பல நாட்டு மாணவர்களைச் சோதிக்கும் டிம்ஸ் (TIMSS) ஆய்வு 2019இல் கணினிக்கு மாறிய நாடுகளில் சுமார் 1,500 மாணவர்களைக்கொண்ட தனிக் காகித மாதிரியைப் பாலமாக வைத்துக்கொண்டது. நமக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு: 2010இல் இமாச்சலப் பிரதேசத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு மாணவர்களும் பீசா தேர்வை எழுதினார்கள், காகிதத்தில். முடிவு 2011 டிசம்பரில் வந்தபோது நாம் பட்டியலின் அடியில் கிடந்தோம். இனி நாம் எழுதுவது கணினியில் என்றால், அந்தப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை வைத்துக் கொண்டாடுவதற்கும் புலம்புவதற்கும் முன் இணைப்புப் பிழையைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எனவே மாற்றத்துக்கு முன் ஒரு முன்னோட்டம் நடத்துங்கள். அதில் எந்தப் பள்ளி காகிதம், எந்தப் பள்ளி கணினி என்று பிரிக்காதீர்கள். வேலை எளிதுதான், ஆனால் புள்ளியியலில் விலை அதிகம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். பள்ளிக்கு 30 பேர், அந்த ஒப்புமையை அளக்கும் கெழு (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.2 என்றால், 6,000 மாணவர்கள் ஏறத்தாழ 880 தனி மாணவர்கள் தரும் தகவலைத்தான் தருவார்கள். ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் பாதிப் பேரைக் காகிதத்துக்கும் பாதிப் பேரைக் கணினிக்கும் அனுப்பினால் பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு ஒப்பீட்டிலிருந்து கழிந்துவிடும். யார் எதற்கு என்பதை ஆசிரியரிடம் விடாமல் குலுக்கலிடம் விடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கணினிப் பக்கம் உட்காரவைக்கும் ஆசை எந்தத் தலைமையாசிரியருக்கும் வரும். அதைக் குறையென்று சொல்லமாட்டேன்.

முறை மாற்றத்தின் சராசரி விளைவு பூச்சியம் என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு 5 புள்ளி கூடி, இல்லாத பிள்ளைக்கு 5 புள்ளி குறைந்தாலும், இரு சாராரும் எண்ணிக்கையில் சமமாக இருந்தால் சராசரி பூச்சியம்தான். தமிழ்வழி, ஆங்கிலவழி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளைவையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை விளைவு இருக்கக்கூடிய எல்லைகளையும்) வெளியிடுங்கள். சிறு குழுக்களில் இடைவெளி அகலமாகத்தான் வரும். அகலமாக இருக்கிறது என்று மறைப்பதைவிட அப்படியே அச்சிடுவது மேல். பொறியியல் நுழைவுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு கணினிக்கு மாறிய 2019 முதல் மாணவர்களின் நூற்றுமானத்தை (percentile) ஏழு தசம இடங்கள்வரை பார்த்துப் பழகிவிட்டோம். ஒரே மதிப்பெண்ணில் பலர் குவியாமலிருக்க அந்தத் தசமங்கள் உதவுகின்றன. அளவீட்டின் துல்லியத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் கட்-ஆஃப் பார்த்தே வளர்ந்த நம் வீடுகளில் அதை யார் நம்புவார்கள்?

இன்னொன்று. முன்னோட்டத்தை ஒரே ஆண்டோடு முடிக்காதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015இல் கணினியில் எழுதியவர்கள் காகிதத்தில் எழுதியவர்களைவிடக் கணிதத்தில் 0.1 திட்ட விலக்கமும் மொழிப்பாடத்தில் 0.25 திட்ட விலக்கமும் பின்தங்கினர். மறு ஆண்டு இரண்டு பாடங்களிலும் அந்தப் பின்னடைவு குறைந்தது, ஆனால் முழுதும் மறையவில்லை. முதலாண்டுப் பின்னடைவை ஈடுசெய்யும் திருத்தத்தை இரண்டாம் ஆண்டுக்கும் அப்படியே போட்டிருந்தால், பழக்கத்தால் வந்த ஏற்றத்தைக் கல்வி வளர்ச்சி என்று எழுதியிருப்பார்கள். ஆகவே குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சிறு காகித மாதிரியைக் கையில் வைத்திருங்கள். அந்தத் தரவைப் பெயர், பதிவெண் நீக்கி, சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சென்னை மையத்துக்கும் கொடுங்கள். உங்கள் கணக்கை அவர்கள் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். இரு கணக்குகளும் ஒத்துவரும்வரை காகிதத்தையும் கணினியையும் ஒப்பிடும் வரைபடம் எதையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
சென்னையில் புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்